பிரான்சில் கல்யாண நாள் விருந்து: எந்த மாதிரிக் கடை நம்ம பந்திக்கு ஒத்துவரும்?

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் துணிக் கண்காட்சிக்குப் பாரிஸ் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கோவை, ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து குடும்பமாக ஐரோப்பா டூர் கிளம்புகிறவர்களும் உண்டு. அந்தப் பயணத்துக்குள்ளேயே 25-ஆம் கல்யாண நாள் வந்தால், அல்லது அங்கே படிக்கிற பிள்ளை பட்டம் வாங்கினால், ஒரு ராத்திரி நல்ல பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து கொண்டாட வேண்டும் என்று ஆசை வரும். ஆசையில் குறை இல்லை. தேர்வில்தான் கோட்டை விடுகிறார்கள். செல்போனில் நிறைய நட்சத்திரம் வாங்கிய கடையாகப் பார்த்து மேசை பதிவு செய்துவிட்டு, யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யோசிக்கிறார்கள்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கூட வருகிறவர்களில் மிகக் குறைந்த வகை சாப்பிடுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருக்கு ஒத்துவரும் கடைதான் உங்கள் கடை. மற்றவர்களுக்கு எங்கே போனாலும் ஏதாவது கிடைத்துவிடும். கறி சாப்பிடுகிற நான்கு பேருக்காகக் கடை பிடித்து, சைவமான அப்பத்தாவுக்கு இலைக்கீரையும் ரொட்டியும் வைத்துவிட்டால் அது யாருக்கும் விருந்தாக இருக்காது.

பிரெஞ்சுக் கடைகளில் ஐந்து வகை நம் கணக்குக்குள் வரும். பிஸ்ட்ரோ 25, 30 பேர் உட்காரும் சின்ன இடம். அன்றைய பதார்த்தங்களைக் கரும்பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். பிரஸ்ஸரி பெரிய கூடம்; மதியம் தொடங்கி ராத்திரி வரை அடுப்பு அணையாது. பூஷோன் லியோன் நகரத்துக்கே உரிய வகை. கிரேப்ரியில் பிரான்சின் வடமேற்கு மூலையான பிரிட்டனி பகுதியின் தோசைக்கல் பதார்த்தங்கள். ஐந்தாவது, ஒரு ஷெஃப் இரண்டு மூன்று உதவியாளர்களோடு நடத்தும் சின்ன உணவகம். அங்கே தேர்ந்தெடுக்கப் பட்டியல் கிடையாது. 5 முதல் 7 பதார்த்தங்கள் வரிசையாக வரும், எல்லா மேசைக்கும் ஒன்றே.

சாறில் இருக்கும் மாடு

நம் பக்கத்தில் அசைவம் சாப்பிடுகிறவர்களிலும் பெரும்பாலோர் கோழி, ஆடு, மீனோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். மாட்டுக்கறி வேண்டாம், பன்றிக்கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சுச் சமையலறையில் அது பாதிதான் தீரும்.

காரணம், அங்கே சாஸுக்கு அடித்தளமே எலும்புச் சாறு. கன்றுக்குட்டி எலும்புகளை அடுப்பில் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், செலரி, தக்காளியோடு தண்ணீரில் போட்டு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் விடுவார்கள். வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் ஆறியதும் கட்டியாக உறையும். ஃபோன் த வோ என்று அதற்குப் பெயர். ஒரு கரண்டி விட்டால் எந்தச் சாஸும் திடமாகி மினுமினுக்கும். அதனால்தான் வறுத்த கோழியின் மேல் ஊற்றி வரும் பழுப்புச் சாறு கோழிச்சாறு மட்டும்தான் என்று நம்ப முடியாது. வாத்துக்கும் அதே சாறு வரலாம். சிவப்பு ஒயினில் செய்த சாஸாக இருந்தால் மீனுக்குக்கூட வரலாம். கேட்டால் நேர்மையாகச் சொல்வார்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது.

பன்றிக்கறி இதைவிடத் தந்திரமானது. லார்தோன் என்னும் சின்னப் பன்றித் துண்டுகள் உப்புக்கும் மணத்துக்கும் எங்கே பார்த்தாலும் விழும்: பருப்பு சாலட், கீரை சாலட், முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுட்ட கிஷ் லொரேன், ஒயினில் வேகவைத்த முட்டை. கொக் ஓ வான் பெயரளவில் கோழிதான். ஆனால் அதிலும் லார்தோன் உண்டு, ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் உண்டு.

சைவத்துக்கு வந்தால், பட்டியலில் காய்கறி போலத் தெரியும் பல பதார்த்தங்கள் அப்படி இல்லை. வெங்காய சூப்புக்குப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு ஊற்றுவார்கள். பழைய முறையில் செய்யும் சீஸ்களை, கொம்த்தே, ரோக்ஃபோர், பிரி எல்லாவற்றையும், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். பவருவா போன்ற குளிர்ந்த இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். கிரேம் புருலே, சாக்லேட் மூஸ், இல் ஃப்ளோத்தாந்த் ஆகிய இனிப்புகள் மூன்றும் முட்டை இல்லாமல் கிடையாது. முட்டையும் தொடாத சைவருக்குப் பழத்தட்டு, சோர்பே (பால் சேர்க்காத பழ ஐஸ்), அல்லது தேன் விட்ட ஃபுரோமாஜ் பிளாங்க் (தயிர் போன்ற புதுச் சீஸ்) என்று இனிப்பு வட்டம் சுருங்கிவிடும். சோர்பேயிலும் சிலர் முட்டை வெள்ளை சேர்ப்பார்கள். ஃபுரோமாஜ் பிளாங்கிலும் உறைபொருள் கொஞ்சம் இருக்கலாம்.

ஐரோப்பிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்டால் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். முட்டை, பால், மீன், நண்டு இறால் வகை, கடுகு எல்லாம் அதில் உண்டு. முட்டை வேண்டாதவருக்கு அது நல்ல துணை. ஆனால் மாட்டெலும்புச் சாறும் ஜெலட்டினும் அந்த 14-க்குள் வராது. தாளில் இல்லாததால் பதார்த்தத்திலும் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இவ்வளவையும் பார்த்துப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. எந்த வகைக் கடை இதையெல்லாம் உங்களுக்காக மாற்றித் தரும், எது தராது என்பதில்தான் தேர்வே இருக்கிறது.

பூஷோன்: நெசவுக்காரர் ஊர்ச் சாப்பாடு

நம் ஊர் ஆட்களுக்கு லியோன் மேல் ஒரு தனிப் பற்று வரும், வர வேண்டும். சிறுமுகையிலும் சென்னிமலையிலும் சேலையில் டிசைன் விழத் தறிக்கு மேல் ஏற்றி வைக்கிற ஜக்கார்டு பெட்டியின் பெயரே லியோன்காரரான ஜோசஃப் மரி ஜக்கார்டின் பெயர்தான். 1804-ல் அவர் அந்த இயந்திரத்தை உருவாக்கினார். லியோனின் குருவா ரூஸ் மேட்டில் பட்டு நெய்தவர்களைக் கனூ என்பார்கள். விடியற்காலையிலிருந்து தறியில் உட்கார்ந்தவர்களுக்குக் காலையிலேயே வயிறு நிறையப் போட்ட சாப்பாட்டின் வழியில் வந்தவைதான் பூஷோன்கள். கட்டம் போட்ட மேசை விரிப்பு, நெருக்கிப் போட்ட நாற்காலிகள், அடி தடித்த 46 சென்டிலிட்டர் ஒயின் பாட்டில், தாராளமான அளவு. மூன்று பதார்த்தங்கள் கொண்ட வரிசை பெரும்பாலும் 25 முதல் 40 யூரோவுக்குள் முடியும். கொடுக்கிற காசுக்கு வயிறு நிறைவது என்று பார்த்தால் பிரான்சில் இதற்கு ஈடு குறைவு.

ஆனால் அது குடலும் இரைப்பையும் ஈரலும் கொண்ட சமையல். அந்துயெத் என்பது பன்றிக் குடலை, சில இடங்களில் கன்றின் குடலையும், உறையில் திணித்துச் செய்தது. வாசனையே தூரத்திலிருந்து தெரியும். தப்லியே த சப்பெர் மாட்டு இரைப்பையை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. லியோன் சாலட்டில் லார்தோன். குடல் கறி நமக்குப் புதிதல்ல, ஆட்டுக்குடல் குழம்பு தெரியாத வீடு கொங்கில் இல்லை. என்றாலும் மாடும் பன்றியும் விலக்கிவிட்டால் இங்கே பட்டியலில் பாதி போய்விடும்.

மிச்சம் இருக்கும் பாதியில் நமக்கு நல்லவை உண்டு. வினிகர் சேர்த்த கோழி, கிரீம் சாஸில் கோழி, கோழி ஈரலில் செய்த கேக். பக்கத்து பிரஸ் பகுதியின் கோழி 1957-லேயே பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றது, நம் புவிசார் குறியீடு மாதிரி. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். நாட்டுக்கோழியின் கெட்டிச் சதை பிடித்தவர்கள் அதைத் தேடிச் சாப்பிடலாம், விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று கெனெல். ஆற்று மீனான பைக்கின் சதையை முள் நீக்கி அரைத்து, மாவு, வெண்ணெய், முட்டை, கிரீம் சேர்த்து நீளமாக உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, ஆற்று இறால் சாஸோடு அடுப்பில் வைப்பார்கள். மேசைக்கு வரும்போது இரண்டு மடங்காக உப்பி, மேல்பகுதி பொன்னிறமாகி, கரண்டி பட்டதும் காற்றுப் போல இறங்கும். வந்த உடனே சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் போட்டோ எடுத்தால் அமுங்கிவிடும். பழைய முறைக்காரர் சிலர் இதில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சைவருக்கு பூஷோன் சரிப்படாது. செர்வெல் த கனூ என்றொரு தொடுகறி உண்டு. பெயர் நெசவுக்காரர் மூளை என்றாலும் அதில் மூளை கிடையாது. ஃபுரோமாஜ் பிளாங்கில் சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், எண்ணெய், வினிகர் கலந்தது, நம் வெங்காயத் தயிர்ப் பச்சடிக்குச் சொந்தக்காரி மாதிரி. அதையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டு ஒரு கல்யாண நாளைக் கொண்டாட முடியாது.

போக்குவரத்தும் ஒரு கணக்கு. பாரிஸிலிருந்து லியோனுக்கு அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். ராத்திரி விருந்தை நிதானமாக முடித்துவிட்டு அன்றே பாரிஸ் திரும்புவது கஷ்டம். ஒன்று, லியோனில் ஓர் இரவு தங்க வேண்டும். இல்லையென்றால் மதியச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, காலையில் குருவா ரூஸில் தறி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குத் திரும்பலாம். நெசவோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கு இந்த மதிய ஏற்பாடு பாரிஸின் எந்த ராத்திரி விருந்தையும்விட நிறைவாக இருக்கும்.

பிஸ்ட்ரோவும் ஷெஃப் கடையும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பிஸ்ட்ரோவின் பலம், நீங்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்பது. ஒருவருக்கு மீன், ஒருவருக்கு ஆட்டுக்கால், ஒருவருக்கு முட்டை மயோனைஸும், கிரீம் விட்டு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கிராத்தனும். விலையோடு பட்டியலை வாசலில் மாட்டி வைப்பது அங்கே சட்டம். முந்தைய நாள் அந்த வழியாக நடந்து போய்ப் பலகையைப் படித்துவிட்டே முடிவு செய்யலாம். மூன்று பதார்த்தத்துக்கு ஆளுக்குச் சுமார் 45 முதல் 65 யூரோ, ஒயின் தனி.

ஆட்டுக்கறி பற்றி ஒரு வார்த்தை. அங்கே அஞ்ஞோ என்று வருவது செம்மறிக் குட்டி. வெள்ளாட்டுக் கறியே பழகியவர்களுக்கு அதன் வாசனை முதலில் தூக்கலாகத் தெரியும். தொடைப்பகுதியை உள்ளே இளஞ்சிவப்பாகவே நிறுத்திக் கொடுப்பார்கள். நன்றாக வேக வேண்டும் என்றால் பியான் க்வீ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அந்தத் துண்டு வறண்டு போவதும் உண்மை. அதைவிட, ஏழு மணி நேரம் மூடி வேகவைத்த ஆட்டுக்கால் பலகையில் இருந்தால் யோசிக்காமல் அதைச் சொல்லுங்கள். கத்தி வேண்டாம், கரண்டியிலேயே பிரிந்து வரும். நம் நாக்குக்கு பிரெஞ்சு ஆட்டுக்கறியில் மிகவும் பொருந்துவது அதுதான் என்பது எங்கள் முடிவு. கூட வரும் சாறு எந்த எலும்பில் எடுத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்ட்ரோவின் பலவீனம், மாற்றிக் கொடுக்க நேரமும் ஆளும் கிடையாது. சாறு காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது, லார்தோன் சாலட்டில் கலந்தாகிவிட்டது. சமையலறையில் இரண்டு பேர் 30 தட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முழுச் சைவருக்கு அந்த நேரத்தில் கிடைப்பது ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட்டும் ஓர் ஆம்லெட்டும். இடமும் நெருக்கம். பக்கத்து மேசைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் பெரிது. பட்டுப்புடவையோடு நடுவில் நுழைந்து உட்காருவது சிரமம் என்பதால், பதிவு செய்யும்போதே சுவர் ஓரத்து நீள இருக்கை கேளுங்கள். பாரிஸின் பழைய பிஸ்ட்ரோக்களில் கழிப்பறை பெரும்பாலும் கீழ்த்தளத்தில், குறுகிய வளைந்த படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். முழங்கால் வலியுள்ள அப்பாரு கூட வந்தால் இது சாப்பாட்டைவிட முக்கியமான கேள்வி.

ஷெஃப் கடை இதற்கு நேர் எதிர். பொறுக்கி எடுக்க ஒன்றுமில்லை, ஆளுக்குச் சுமார் 70 முதல் 120 யூரோ, ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற ஒயின் வைத்தால் இன்னும் 40, 50. மேலோட்டமாகப் பார்த்தால் சைவருக்கு இதுதான் மோசமான இடம் போலத் தோன்றும். நாள் கணக்கில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இதுவே மிக நல்ல இடம். ஏனென்றால் அங்கே எத்தனை பேர் வருகிறார்கள், யாருக்கு என்ன ஆகாது என்று கணக்கு வைத்துத்தான் காய்கறியே வாங்குகிறார்கள். ஒரு தட்டை உங்களுக்காகத் தனியாக யோசிப்பது அந்த ஷெஃபுக்குத் தொழில். காய்கறியை மரியாதையாகப் பார்க்கும் போக்கும் அங்கே புதிதல்ல. பாரிஸின் பெயர்பெற்ற ஷெஃப் ஆலன் பசார் 2001-லேயே தன் உணவகத்தில் சிவப்பு இறைச்சியை நிறுத்திக் காய்கறிக்கு முதலிடம் கொடுத்தார். ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளை ஆஸ்பராகஸ், மொரில் காளான், பச்சைப் பட்டாணி என்று சைவத் தட்டு கறித் தட்டைவிட அழகாகவே வரும்.

கெடுவது எங்கே என்றால், சொல்லாமல் போய் உட்கார்ந்து மாற்றச் சொல்வதில். மூன்றாவது பதார்த்தம் புறா, நான்காவது கன்று என்று வந்துகொண்டிருக்கும்போது அவர்களால் அந்த நேரத்தில் அவித்த காயைத் தவிர வேறு எதுவும் கொடுக்க முடியாது, பணம் மட்டும் முழுதாகப் போகும். குறைந்தது ஒரு வாரம் முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் முடியாது என்று பதில் எழுதினால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள். அந்தப் பதிலும் உதவிதான்.

பிரஸ்ஸரிக்கு ஒரே வாதம் ஆள் எண்ணிக்கை. மாமன் மச்சான் குடும்பமெல்லாம் சேர்ந்து எட்டு, பத்துப் பேர் என்றால் சின்னக் கடைகள் கையை விரித்துவிடும், அல்லது எல்லாருக்கும் ஒரே வரிசை என்பார்கள். பிரஸ்ஸரியில் இடம் உண்டு, குழந்தைகளுக்குத் தனி மெனு உண்டு, பெரும்பாலும் எந்த நேரத்திலும் போகலாம். பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் 1927-லிருந்து நடக்கும் லா கூப்போல் இந்த வகைக்கு நல்ல உதாரணம். சமையலில் கைமணம் குறைவாக இருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

அதே மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில்தான் பிரிட்டனி ரயில்கள் வந்து சேர்கின்றன, அதனால் பக்கத்துத் தெருவில் வரிசையாகக் கிரேப்ரிகள். பக்வீட் என்னும் தானியத்தின் மாவைக் கரைத்து வட்டக் கல்லில் ஊற்றி, காளான், கீரை, சீஸ் வைத்து மடித்துக் கொடுக்கும் கலெத் 12 முதல் 16 யூரோ. கண் முன்னால் செய்வதால் எதைப் போட வேண்டாம் என்றாலும் போட மாட்டார்கள். மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். சைவருக்கு மிகப் பத்திரமான இடம் இது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் விசேஷம் என்ற நிறைவு வராது என்பதுதான் குறை.

நாளும் நேரமும்

நம் கல்யாண மாதங்களை அங்கே உள்ள நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால் சில சிக்கல்கள் முன்பே தெரிந்துவிடும். ஆவணியில் முகூர்த்தம் நடந்தவர்களுக்குக் கல்யாண நாள் ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் வரும். ஆகஸ்டில் பாரிஸின் சின்னக் கடைகள் இரண்டு முதல் நான்கு வாரம் பூட்டிவிட்டு விடுமுறை போய்விடும். திறந்திருப்பதில் பெரும்பகுதி சுற்றுலாக்காரர்களுக்கானவை. அந்த மாதத்தில் பிரஸ்ஸரியே மேல். வைகாசி சிறந்த காலம். தை மாதம் குளிர் என்றாலும் கடல் சிப்பியான சாஞ் ஜாக்கின் பருவம், மீன் கடைகளுக்கு நல்ல நேரம்.

செப்டம்பர் கண்காட்சிக்குப் போகிறவர்கள் புரட்டாசி பிறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது நினைவிருக்காது, பூஷோனில் போய் உட்கார்ந்த பிறகு சனிக்கிழமை என்று தெரியவரும். அமாவாசை, கிருத்திகை, தைப்பூசத்துக்குப் பழனி மாலை போட்டிருக்கும் நாட்களும் அப்படியே. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் பல சின்னக் கடைகளுக்கு விடுமுறை என்பதால், செவ்வாய் முதல் வியாழன் வரை பார்த்தால் இடமும் கிடைக்கும், ஷெஃபும் கடையில் இருப்பார்.

கடிகாரம் இன்னொரு எதிரி. பிரான்ஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். ராத்திரிச் சாப்பாடு 7.30-க்குத்தான் தொடங்கும், அதற்கு முன் சின்னக் கடைகளில் கதவே திறக்காது. அது கோவையில் கோடையில் 11 மணி, குளிர்காலத்தில் நடு ராத்திரி 12. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 20, 25 நிமிடம் இடைவெளி விடுவார்கள். மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம். இறங்கிய முதல் நாளே விருந்து வைத்தால் முக்கியப் பதார்த்தம் வரும்போது தூக்கம் சொக்கும். மூன்றாவது நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் மதியத்துக்கு மாற்றுங்கள். மதியம் 12.30 நமக்கு மாலை 4 அல்லது 5 மணி, வயிறும் ஒத்துழைக்கும். அதே ஷெஃபின் சமையல் மதிய வரிசையில் பாதி விலைக்கும் கிடைக்கும். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு ராத்திரியைவிட மதியமே சரி.

பணம்

பட்டியலில் போட்ட தொகைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். மனம் நிறைந்தால் சில யூரோ வைக்கலாம், கட்டாயம் இல்லை. உன் கராஃப் தோ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். தண்ணீர் என்று பொதுவாகச் சொன்னால் பாட்டில் வரும், அதற்குக் காசு. ரொட்டி எத்தனை முறை கேட்டாலும் காசில்லை. ஒயின் வேண்டாம் என்பதில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒரு யூரோவை வட்டமாக 100 ரூபாய் என்று வைத்தால், இரண்டு பேருக்கு பிஸ்ட்ரோவில் ஒயின் இல்லாமல் 9,000 முதல் 13,000 ரூபாய், ஷெஃப் கடையில் 14,000 முதல் 24,000 ரூபாய். சின்னக் கடைகள் பதிவின்போதே கார்டு எண் வாங்கி வைத்து, சொல்லாமல் வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும். நம் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போடாவிட்டால் பதிவே நடக்காது. பில் கட்டும் இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் அடி விழும். பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். அவசரப்படுத்துவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். லதிசியோன், சில் வூ ப்ளே என்று கேட்க வேண்டும்.

புதுச்சேரி போதுமா?

பிரான்ஸ் பயணமே இன்னும் உறுதியாகவில்லை, கல்யாண நாளுக்கு ஒரு பிரெஞ்சு விருந்து வேண்டும் அவ்வளவுதான் என்றால், கோவையிலிருந்து சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஏழெட்டு மணி நேரத்தில் புதுச்சேரி. வெள்ளை நகரத்தின் பழைய வீட்டு முற்றங்களில் உட்கார்ந்து தமிழிலேயே எது ஆகும், எது ஆகாது என்று சமையல்காரரிடம் பேசலாம். சைவருக்கும் முட்டை தொடாதவருக்கும் இந்தச் சுலபம் பிரான்சில் எங்கேயும் கிடைக்காது. ஆரோவில் சீஸ், காலையில் சுட்ட பகெத் என்னும் நீள ரொட்டி இரண்டும் நன்றாகவே இருக்கும். சாஸின் ஆழத்தில்தான் பெரிய வித்தியாசம்: மணிக்கணக்கில் காய்ச்சும் சாறும், பருவத்துக்கு மட்டும் வரும் காயும் காளானும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. சனி, ஞாயிறு தவிர்த்துப் போங்கள்.

எங்கள் தேர்வு இப்படி. கோழி, ஆடு, மீன் சாப்பிடும் தம்பதி இரண்டே பேர் என்றால் பாரிஸ் பிஸ்ட்ரோவில் ராத்திரி. இருவரில் ஒருவர் சைவம் என்றால் ஷெஃப் கடை, மதிய வரிசை, ஒரு வாரம் முன்பே கடிதம். நெசவு, பனியன் தொழில்காரர்கள், கோழி போதும் என்கிறவர்கள் என்றால் லியோனில் பூஷோன் மதியம். பத்துப் பேர் கூட்டம் பிரஸ்ஸரிக்கு. முட்டையும் வேண்டாத சைவர்கள் பலர் என்றால் பாரிஸில் கிரேப்ரி. மறுநாள் லா ஷப்பெல் பக்கம் தமிழ்க் கடைகளில் தோசை. விருந்தைப் புதுச்சேரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு எழுதும் மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். நாள், நேரம், எத்தனை பேர், 25-ஆம் கல்யாண நாள் என்ற செய்தி (இனிப்புத் தட்டில் மெழுகுவர்த்தி வைத்துக் கொண்டுவருவார்கள்), பிறகு ஆகாதவை. சான் பெஃப், சான் வோ, சான் போர்: மாடு, கன்று, பன்றி வேண்டாம். சான் பூய்யோன் த வியாந்த்: இறைச்சிச் சாறு வேண்டாம். சான் ஜெலத்தீன். முட்டை ஆகாவிட்டால் சான் அ. பிரெஞ்சு எழுத்தில் மொழிபெயர்ப்பு ஆப்பில் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும் பதிலைத் தாளில் அச்சடித்துக் கையில் எடுத்துப் போங்கள். பதில் எழுதியவர் அன்று விடுப்பில் இருந்தாலும், பரிமாறுகிறவர் அந்தத் தாளைச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் காட்டுவார்.